வெள்ளை ஷூவில் பச்சைப் பொட்டு

கண்ணாடி போடாமல் மாத்திரை அட்டையைப் படிக்க முடியாத வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். சாந்தோமில் ஒரே சந்தில் வளர்ந்து, ஒரே ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் காது திருகு வாங்கி, இன்று ஒரே வாட்ஸ்அப் குழுவில் முட்டிவலிக்கு மருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள், "உங்கம்மா வெள்ளக்காரங்க வீட்ல சமைச்சாங்களே, அந்த ஏலக்கா ரொட்டி எப்படிடி செய்வாங்க?" என்று. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ரொட்டிக்குப் பதிலாக வேறு ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. அதையே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களில் பாதிப் பேருக்கு இன்னும் புரியவில்லை. தரமணியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கொரியா, ஜெர்மனி, ஜப்பான் என்று எங்கிருந்தோ குடும்பத்தோடு சென்னைக்கு மாற்றலாகி வருகிறவர்களைக் குடியமர்த்துவது எங்கள் கம்பெனியின் தொழில். வீடு பார்ப்பது, காஸ் இணைப்பு வாங்குவது, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் அவர்களோடு வரிசையில் நிற்பது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், கூப்பிட்டால் வருகிற டாக்டர், மிளகாய் போடாமல் சமைக்கிற ஆள், ஹாரன் அடிக்காத டிரைவர். கடைசி ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் ஊர் திரும்பும்போது சாமான் கட்டிக் கொடுத்து அனுப்புவதும் நாங்கள்தான்.

ஆபீசில் எனக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. சாமான் கட்டுகிற வீட்டில் எதற்கும் வண்ண ஸ்டிக்கர் ஒட்ட விடமாட்டேன். எது கப்பலில் போகிறது, எது வேலைக்காரர்களுக்கு என்று பேனாவால் எழுதி, வீட்டு அம்மாவிடம் கையெழுத்து வாங்குவேன். இன்னொன்று, சமையல்காரருக்கு அவர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை நானே உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான் கையில் கொடுப்பேன். ஆபீசில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் என்னை ரொம்ப ஒழுங்கான ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்கு என்ன ஒழுங்கு. சூடு கண்ட பயம்.

எனக்குப் பன்னிரண்டு வயதான கோடை அது. அப்பா செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மா அடையாறு காந்தி நகரில் ஒரு டென்மார்க்குக் குடும்பத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஏதோ தொழிற்சாலையில் யந்திரம் நிறுவ வந்தவர். அவர் மனைவியை அம்மா மேடம் என்பாள், நானும் அப்படித்தான். அவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. கார் ஓட்டியவர் ராயப்பேட்டைக்காரர். அம்மா அவரை பாய் என்பாள், அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார், எனக்கு அவர் டிரைவர் மாமா. அந்த வீட்டுப் பின்வாசலில் மூன்று வருடம் நாங்கள் ஒரு குடும்பம் போலத்தான் இருந்தோம். பள்ளி விடுமுறையில் என்னைத் தனியாக விட்டுவர அம்மாவுக்கு மனம் வராது. அந்தச் சமையலறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் நான் இங்கிலீஷ் கதைப் புத்தகம் எல்லாம் படித்தேன்.

அந்தச் சமையலறையின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. முந்தின நாள் புளிக்க வைத்த மாவு, வெண்ணெய், அதில் அம்மா இடித்துப் போடும் ஏலக்காய். "பாயசத்துல போடறத ரொட்டில போடுது பாரு இந்த சனம்" என்று சிரிப்பாள். மேடம் எனக்கு ஒரு கறுப்பு மிட்டாய் கொடுப்பாள், வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். துப்ப முடியாது, அவள் எதிரிலேயே நின்று சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். ரொம்ப நல்ல மனுஷி. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வெளிநாட்டுக்காரர் வீடுகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது வேலை செய்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். இவர் இன்ன வருடம் எங்களிடம் இருந்தார், நன்றாகச் சமைப்பார், நம்பிக்கையானவர். அந்தக் காகிதம்தான் அடுத்த வீட்டுக் கதவைத் திறக்கும். அம்மாவிடம் அப்படி நான்கு கடிதங்கள் இருந்தன. நான்கையும் லேமினேட் செய்து, ஜிப் வைத்த நீலப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. பெரிய நாட்களில் அதை வெளியே எடுத்து என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். மற்றவர்கள் நகையை எடுத்துப் பார்த்துக்கொள்வது மாதிரி.

அந்த மே மாதம் டென்மார்க்குக் குடும்பத்துக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்தது. மேடம் நாலு நிறத்தில் வட்ட ஸ்டிக்கர்கள் வாங்கி வந்து வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் ஒட்டினாள். சிவப்பு கப்பலில் போவது. மஞ்சள் கையோடு எடுத்துப்போவது. நீலம் விற்பதற்கு. பச்சை, சமையலறை ஆட்களுக்கு. அம்மா அதைப் பொட்டு என்றாள். "பச்சப் பொட்டு வெச்சத மட்டும் தொடு, மீதிய கண்ணால கூட பாக்காத" என்று எனக்கு உத்தரவு. அவளும் அப்படித்தான். பாதி தீர்ந்த சோப்புத் தூள் டப்பாவைக்கூட, பொட்டு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பாள்.

மாடி அறை அலமாரியின் அடித்தட்டில் அந்த ஷூ இருந்தது. வெள்ளைத் தோல், கணுக்காலுக்கு மேல் வரை கயிறு, அடியில் நீளமாக ஓர் இரும்புத் தகடு. பனிக்கட்டி மேல் வழுக்கிக்கொண்டு போவதற்கான ஷூ. சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. என் வயதில் மேடம், அதே ஷூவைப் போட்டுக்கொண்டு, கைகளை விரித்து, உறைந்துபோன ஏரி மேல் ஒற்றைக் காலில் நிற்கிறாள். பின்னால் அவள் அப்பா தொப்பியோடு சிரிக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. மெட்ராசில், அதுவும் மே மாதத்தில், பனி ஷூவுக்கு ஆசைப்பட்ட ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன். அதில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. பக்கத்துக் குளியலறையில் ஒரு பழைய நீல வாளி, அதற்குப் பச்சைப் பொட்டு.

மாற்றிவிட்டேன். அவ்வளவுதான், சொல்லிவிட்டேன். அம்மா கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி பலகையில் படும் சத்தம் மாடிக்குக் கேட்டது. நகத்தால் இரண்டு பொட்டையும் கிள்ளி எடுத்து, இடம் மாற்றி ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்த்தேன். அது நடக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் மாடி அறையில் பச்சைப் பொட்டுச் சாமான்களை எடுக்கப் போன அம்மா ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "இத்தையா குட்த்துட்டாங்க? நல்ல தோலாச்சே" என்றாள். என்னிடம் நீட்டி, "பச்சதான இது?" என்று கேட்டாள். பச்சைதான் என்றேன். அவளுக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை. ஷூவையும் இன்னும் சில பாத்திரங்களையும் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு போய் மேடம் முன்னால் நின்று, "தேங்க்யூ மேடம், ஷூ, தேங்க்யூ" என்றாள். மேடம் அந்த நேரம் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டாள். அது போதும் அம்மாவுக்கு.

அதற்குப் பிறகு அம்மா செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம் சந்து முனையில் உட்கார்ந்திருந்த செருப்புத் தைப்பவரிடம் ஷூவைக் கொடுத்து, அந்த இரும்புத் தகடுகளைக் கழற்றச் சொன்னாள். அடியில் டயர் ரப்பர் வைத்து அடித்துக் கொடுத்தார் அவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் அதைப் போட்டுக்கொண்டு வந்தேன், உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும், வெந்து செத்தேன். தகடு இரண்டையும் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். நல்ல எஃகு. சாணை பிடித்து, கட்டைப்பிடி போட்டால் கத்தி. எதையும் வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த பெண்ணுக்கு அந்தத் தகட்டில் வேறு என்ன தெரிந்திருக்கும்.

சாமான் கட்டுகிறவர்கள் வந்து போன மறுநாள் காலை, மேடம் ஷூவைத் தேடினாள். பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். ஒரு பெட்டியில் மூன்று சுற்று காகிதம் சுற்றி, பத்திரமாக, அந்தப் பழைய நீல வாளி. அதன் மேல் சிவப்புப் பொட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மாடிப்படியில் உட்கார்ந்தது எனக்குத் தெரிகிறது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா ஒன்றும் புரியாமல், "யெஸ் மேடம், ஷூ ஹோம், கிரீன், கிரீன்" என்றாள். சந்தோஷமாகவே சொன்னாள். எடுத்து வரட்டுமா என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து காட்டினாள்.

டயர் ரப்பர் அடித்த ஷூவைப் பார்த்ததும் மேடத்தின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. தன் அப்பா செத்துப்போய்விட்டார் என்றும், அவர் வாங்கிக் கொடுத்தது என்றும், மகளுக்காக வைத்திருந்தது என்றும் அவள் சொன்னதை நான்தான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன்.

"தகடு கீதான்னு பாக்கறேன்" என்று அம்மா வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினாள். டிரைவர் மாமா கார் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"ஏறு தங்கச்சி. பத்து நிமிசத்துல போயிட்டு வந்துர்லாம்."

"மேடத்த கேக்காம வண்டி எடுத்தா உன் வேல பூடும் பாய்."

"பூட்டா போவுது. ஏறு நீ."

பாலத்தைத் தாண்டி பட்டினப்பாக்கம் போனோம். ஒரு தகடு அக்கா கையில் கத்தியாக வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றை அவள் தங்கை எண்ணூருக்கு எடுத்துப் போய்விட்டாள். அம்மா அந்த ஒற்றைக் கத்தியைக் கடல் தண்ணீரில் கழுவி, முந்தானையால் துடைத்துத் துடைத்து வழி முழுக்க மடியில் வைத்திருந்தாள். கார் முழுக்க மீன் வாடை. மேடம் அதை வாங்கவே இல்லை. தரையில் வைக்கும்படி கையைக் காட்டினாள்.

அப்புறம் ஒன்று கேட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, அம்மாவிடம் கேட்டாள். உன் மகள் பொட்டை மாற்றியிருப்பாளா என்று. இதையும் நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "நீ மாத்துனியான்னு கேக்கறாங்கம்மா" என்றேன். அம்மா என் தலையில் கை வைத்தாள். "நோ மேடம். மை டாட்டர் நோ டச். காட் பிராமிஸ்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு நான் திரும்பிப் போகாத நாள் என் வாழ்க்கையில் குறைவு.

இரண்டு நாள் கழித்து அவர்கள் கிளம்பினார்கள். அம்மா தயங்கித் தயங்கி, "லெட்டர் மேடம்" என்று கேட்டாள். அந்த நிலையிலும் கேட்காமல் இருக்க முடியுமா? மேடம் உள்ளே போய் எழுதி, உறையில் போட்டுக் கொடுத்தாள். அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் செய்தாள். கார் போன பிறகு காந்தி நகர் மரத்தடியில் நின்று நான் அதைப் பிரித்தேன்.

மூன்று வருடம் சமைத்தார், கைப்பக்குவம் உள்ளவர், சுத்தமானவர் என்று முதலில் இருந்தது. பிறகு இப்படி: கடைசி நாட்களில் எங்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு பொருளை, அடையாளத்தை மாற்றி எடுத்துக்கொண்டார். கேட்டபோது ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எனக்குப் பின் வருகிறவர்களிடம் மறைப்பது சரியல்ல என்பதால் எழுதுகிறேன்.

"இன்னா எழுதிக்கீறாங்க? கோவமா கீறாங்களா?" என்றாள் அம்மா. அவள் கண் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் படித்தேன். எங்கள் வீட்டில் ஒருத்தி போல இருந்தார் என்று படித்தேன். இவர் ரொட்டியை எங்கள் ஊரிலும் மறக்க மாட்டோம், இவரை வேலைக்கு வைக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று படித்தேன். பழைய நான்கு கடிதங்களும் எனக்கு மனப்பாடம், அதிலிருந்து எடுத்து எடுத்துக் கோர்த்தேன். அம்மா தெருவில் நின்று அழுதாள். "பாத்தியா, பெரிய மனசு" என்றாள். அன்று மாலையே மயிலாப்பூரில் கடை தேடிப் போய் லேமினேட் செய்தாள். நீல உறையில் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கடிதமாக வைத்தாள்.

புதுக் குடும்பங்கள் பள்ளிக்கூடக் கணக்கை வைத்து ஆகஸ்டில்தான் வந்து இறங்குவார்கள். அப்படி வருகிறவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவள் தி.நகரில் பனகல் பார்க் பக்கம் ஒரு மாமி. தட்டச்சு செய்த ஒரு பட்டியல் வைத்திருப்பாள். சமையல், டிரைவர், தையல், குழாய் ரிப்பேர், குழந்தை டாக்டர் எல்லாம் அதில் இருக்கும். வெள்ளைக்காரப் பெண்கள் போன் செய்தால் மாமி விலாசம் சொல்லி ஆளை அனுப்புவாள். லிஸ்ட் மாமி என்றே எல்லாரும் சொல்வார்கள். எங்களைப் பற்றி ஏற்கெனவே தெரியும் என்பதால் அம்மாவின் கடிதத்தை அவள் கேட்கவில்லை. நேராக வீடுகளுக்கு அனுப்பினாள். டிரைவர் மாமாவுக்கு, மேடம் எழுதிக் கொடுத்த நல்ல கடிதத்தால் உடனே வேலை கிடைத்திருந்தது.

அந்த ஆகஸ்ட் மாதம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் நீல உறை, பக்கத்தில் மொழிபெயர்க்க நான். சனிக்கிழமைகளில் போவோம். போட் கிளப் பக்கம் ஒரு வீடு, பெசன்ட் நகரில் ஒன்று, காந்தி நகரிலேயே ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்தது. சிரித்துக்கொண்டே உட்கார வைப்பார்கள். முதல் கடிதத்தைப் படிப்பார்கள். பாதிக்கு மேல் அந்தச் சிரிப்பு அப்படியே காய்ந்துபோகும். போன் செய்கிறோம் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உள்ளே இருக்கும் மற்ற நான்கையும் யாரும் புரட்டிப் பார்க்கவே இல்லை.

நம் சந்து முனை மளிகைக் கடை போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அந்தக் கடையில் போன் அடித்தால் அம்மா போட்டது போட்டபடி ஓடுவாள், மாவுக் கையோடு ஓடுவாள். கடைக்காரர், "உனுக்கு இல்லம்மா" என்று கையை ஆட்டுவார். வீட்டில் இரண்டு வேளை கஞ்சி என்றானது. அம்மாவுக்குப் பசியில்லை என்று எனக்குத் தள்ளிவிடுவாள், எனக்கும் பசியில்லை என்று அவளுக்குத் தள்ளுவேன். "இவ்ளோ நல்ல லெட்டர் வெச்சிக்கினு எனக்கு ஏன் இப்டி நடக்குது? என் மூஞ்சிதான் சரியில்ல போல" என்று ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று சொன்னாள். மேல் கடிதத்தை எடுத்து அடியில் வைக்கலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "போடி, அதாண்டி இருக்கறதுலயே பெஸ்ட்டு" என்பாள்.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அம்மாவிடம் ஒரு கடிதத்தை மாற்றிப் படித்துவிட்டேன் என்று மட்டும் சாமியாரிடம் சொன்னேன். அம்மா மனம் நோகக்கூடாதென்று சொன்ன பொய், ஆண்டவருக்குப் புரியும் என்று சொல்லி, மூன்று முறை அருள் நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். பொட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சின்னப் பாவத்தைச் சொல்லிப் பெரிய பாவத்தை ஒளித்துவைக்கலாம் என்று அந்தப் பெட்டியில் முழங்காலிட்டபோதுதான் கற்றுக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் லிஸ்ட் மாமி எங்களைக் கூப்பிட்டாள். அனுப்பிய வீடெல்லாம் வேண்டாம் என்கிறார்களே, கடிதத்தைக் காட்டு என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"எல்லார் ஆத்துலயும் இதையா காட்டிண்டு இருக்கே?"

"ஆமா மாமி. மேடம் அப்டி புகழ்ந்து எழுதிக்கீறாங்கன்னு என் பொண்ணு சொல்லிச்சே."

மாமி என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்கு மெதுவாக, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்ததும், "நான் நம்பலைடீ. ஆனா இதுக்கப்பறம் உன்னை எப்படி லிஸ்ட்ல வெச்சுக்கறது, நீயே சொல்லு" என்றாள். அம்மா உறையை வாங்கி, ஜிப்பை இழுத்து மூடி, "வரேன் மாமி" என்று எழுந்தாள். படி இறங்கும்போது என் கையைப் பிடித்திருந்தாள்.

பனகல் பார்க்கில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம்.

"நீ அப்டி ஏன் படிச்ச?"

விக்கி விக்கி அழுதேன்.

"அம்மா மனசு நோவும்னுதான?" என்று அவளே பதிலையும் சொன்னாள். என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "என் ராசாத்தி. இத்தினி நாளா உள்ளயே வெச்சிக்கினு எப்டி துடிச்சியோ." மனம் நோகக்கூடாதென்று, சாமியார் சொன்ன அதே காரணம். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்த என் காதில் விழுந்தது அவளுடைய அடுத்த கேள்விதான்.

"அப்போ யாருதான் பொட்ட மாத்துனது? நீயும் இல்ல, நானும் இல்ல. பாய் அந்த மாடி ரூமுக்குப் போனாரா?"

"போனாரும்மா."

அது பொய்யில்லை. அவர் போனார்தான், பெட்டி தூக்க தினமும் போனார். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "அதான். அவனுக்கு மட்டும் நல்ல லெட்டரு. உட்னே வேல. கார்ல கூட்டிக்கினு போனதுகூட குத்தமுள்ள நெஞ்சுதான் போலக்குது" என்றாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அம்மா அவரை 'அவன்' என்றாள்.

பதினைந்து நாளில் டிரைவர் மாமா நம் சந்துக்கு வந்தார். உங்களில் யாராவது பார்த்திருப்பீர்கள், வெள்ளை யூனிபார்மோடு நின்றார். அவர் புதிதாக வேலை செய்யும் வீட்டில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம். கடிதம் எதுவும் வேண்டாம், நான் சொன்னால் போதும், மேடத்திடம் பேசிவிட்டேன் என்று வாசலில் நின்றே சொன்னார். அம்மா உள்ளிருந்து, "உங்க தயவு எங்களுக்கு வாணாம்" என்றாள். கதவைச் சாத்தினாள். "தங்கச்சி, நான் இன்னா பண்ணேன்? ஒண்ணும் பிரியலியே" என்று இரண்டு தடவை கேட்டார். கதவுக்கு இந்தப் பக்கம், தாழ்ப்பாளுக்குக் கையெட்டும் தூரத்தில் நான் நின்றிருந்தேன்.

அடுத்த மாதம் அம்மா ராயப்பேட்டையில் ஒரு ஆண்கள் மெஸ்ஸில் சேர்ந்தாள். ஏலக்காய் ரொட்டி சுட்ட கை, ஆள் உயர அண்டாவில் சாம்பார் கிண்டியது. இருபது வருடம். வலது தோள்பட்டை தூக்க முடியாமல் போனது அதனால்தான். என்னை கான்வென்டிலிருந்து நிறுத்தி அரசுப் பள்ளியில் சேர்த்தாள். என்னை நிறுத்தியபோது நீங்கள் எல்லாம் ஏன் ஏன் என்று கேட்டீர்கள், கணக்கு வரவில்லை என்று சொல்லிவைத்தேன். ரொட்டி செய்முறை கேட்டவளே, அதற்குப் பிறகு அம்மா ஒருநாளும் அந்த ரொட்டியைச் செய்யவில்லை. அதனால் எனக்கு அது தெரியாது.

போன வருடம் அம்மா படுத்த படுக்கையானாள். தன்னைப் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் அவள் சொன்ன ஒரே பெருமை இதுதான்: "எனக்காக பொய் படிச்ச பொண்ணு இது. பன்னெண்டு வயசுல." நர்ஸிடம் சொன்னாள். குருவானவர் நற்கருணை கொடுக்க வந்தபோதும் சொன்னாள். நான் தலையணையைச் சரி செய்துகொண்டிருப்பேன். கடைசி வாரத்தில் ஒருநாள் காலை, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாய் இருக்காரா, பூட்டாரா?"

"இருக்காரும்மா."

"நான் அவர மன்னிச்சிட்டேன்னு போயி சொல்லு. எதுக்கு ஆசப்பட்டு அந்தப் பொட்ட மாத்துனாரோ, பாவம். மனசுல வெச்சிக்கினு போவ வாணாம்."

"சொல்றேம்மா" என்றேன். கரண்டி கையிலேயே இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த இடம் அதுதான், அதையும் விட்டேன். நான்காம் நாள் அவள் போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு ராயப்பேட்டைக்குப் போனேன். மகன் நடத்தும் கார் சீட் கவர் கடையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் டிரைவர் மாமா உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. என்னை உடனே கண்டுகொண்டார். டீ வாங்கிவரச் சொன்னார். அம்மா போன செய்தியைச் சொன்னதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. உங்கம்மாவுக்கு என் மேல இன்னா கோவம்? இவ்ளோ வருசமா யோசிச்சிக்கினு கீறேன். நான் எதுனா தப்பா பேசிட்டேனா? வூட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள கட்டிக் குட்த்தேன், ரெண்டு கல்யாணத்துக்கும் பத்திரிக வெச்சேன், வரல."

அம்மா கொடுத்தனுப்பிய மன்னிப்பு என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் திருடாத மனிதனைத் திருடன் என்று சொல்வதாகும். சொல்லாவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். டீயைக் கீழே வைத்தேன்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. அம்மா கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காந்தி நகர் மரத்தடியில் அம்மாவின் முகம் மலர்ந்தது போலவே இருந்தது. மறுபடியும் இல்லாததைப் படித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அவருக்கு வயது எண்பதைத் தொடப்போகிறது. மூச்சு வாங்குகிறது. அதனால்தான் இதை உங்கள் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். இந்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து மறுபடி ராயப்பேட்டைக்குப் போகப்போகிறேன். உங்களில் யாராவது ஒருவர் கூட வாருங்கள். கடைக்குள் வர வேண்டாம், எதுவும் பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை வாசலில் நில்லுங்கள், அது போதும்.